படபடப்பு இல்லாமல் சமைக்க: குக்கர், எண்ணெய், கேஸ், அப்புறம் மனசு

"காலையில் அடுப்படிக்குள் நுழைந்தாலே படபடப்பு. குக்கர் விசில் வந்தால் நெஞ்சு திக்கென்கிறது. போன வாரம் தாளிக்கும்போது எண்ணெய் தெறித்துக் கை சுட்டுவிட்டது. அதிலிருந்து வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். மனசை எப்படி நல்லபடியாக வைத்துக்கொள்வது?" இதுதான் கேள்வி.

"நல்லதையே நினையுங்கள்" என்று இதற்குப் பதில் சொன்னால் ஒரு பிரயோஜனமும் இல்லை. காலை ஆறு மணிக்கு ஒரு பக்கம் குக்கர், ஒரு பக்கம் பால், நடுவில் டிபன் பாக்ஸ் என்று தனியாக நிற்கிறவருக்கு நல்லதை நினைக்க நேரம் எங்கே? படபடப்புக்குக் காரணம் இரண்டு. எது எப்போது வெடிக்கும், தெறிக்கும் என்று தெரியாதது ஒன்று. கண் வைத்துப் பார்க்க வேண்டிய நாலு வேலையை ஒரே நேரத்தில் செய்வது இன்னொன்று. இரண்டையும் சரிசெய்ய முடியும். அடுப்படி சீரானால் மனசு பாதி அடங்கிவிடும். மீதிப் பாதிக்குக் கடைசியில் வருகிறேன்.

குக்கரில் ஆரம்பிக்கலாம். உங்களைப் பயமுறுத்தும் விசில்தான் குக்கர் ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு அடையாளம். மூடிய குக்கருக்குள் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சதுர செண்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ கூடுகிறது. அதனால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை சூடாகிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது. அந்த அளவைத் தாண்டினால் வெயிட் தூக்கிக்கொண்டு மிச்ச ஆவியை வெளியே விடும். அந்தச் சத்தம்தான் விசில். அதனால் விசில் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வர வேண்டிய நேரத்தில் வராவிட்டால்தான் கவனிக்க வேண்டும்.

வராததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. மூடியின் ஓரத்தில் புஸ்ஸென்று ஆவி கசிந்தால் கேஸ்கெட் தளர்ந்துவிட்டது. இதில் வெடிக்கும் ஆபத்து குறைவு, ஆனால் தண்ணீர் வற்றி அடிப்பிடிக்கும். ஓரத்திலும் ஆவி இல்லை, வெயிட்டும் அசையவில்லை, அடுப்போ நன்றாக எரிகிறது என்றால் வெயிட் உட்காரும் குழாய் அடைத்திருக்கலாம். பருப்புத் தோல், கீரை இலை, நுரையோடு மேலே வரும் அரிசிக் கஞ்சி எல்லாம் அந்தச் சின்ன ஓட்டையில் போய் உட்காரும். அப்போது அடுப்பை அணைத்துவிட்டு எட்ட நில்லுங்கள். வெயிட்டைத் தட்டவோ ஆட்டவோ வேண்டாம். தானாக ஆறும்வரை விட்டுவிடுங்கள்.

குழாய் அடைத்தால் காப்பாற்றுவதற்காக மூடியில் ஒரு சேஃப்டி வால்வு இருக்கிறது. பல குக்கர்களில் அதன் நடுவில் குறைந்த சூட்டில் உருகும் உலோகம் வைத்திருப்பார்கள். சூடு அளவை மீறினால் அது உருகி, ஆவிக்கு வழி விடும். உருகியதும் வேறு கம்பெனி வால்வை மாட்டுவதும், எதையாவது வைத்து அடைத்து ஓட்டுவதும் கூடவே கூடாது. அந்தக் குக்கருக்கென்று விற்கிற வால்வையே வாங்கிப் போடுங்கள். ஏன் உருகியது என்றும் பாருங்கள். பெரும்பாலும் தண்ணீர் வற்றியிருக்கும், இல்லையென்றால் குழாய் அடைத்திருக்கும்.

தினமும் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மூடுவதற்கு முன்னால் மூடியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் குழாய் வழியே பாருங்கள். வட்டமாக ஒரு பொட்டு வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் குண்டூசியால் குத்தி, குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். அரிசி, காய்கறி என்றால் தண்ணீரோடு சேர்த்து மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. பருப்பு, பயறு, கொண்டைக்கடலை நுரைத்துப் பொங்கும் என்பதால் பாதிதான். பருப்பில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். மூடியதும் வெயிட்டைப் போட்டுவிடாதீர்கள். குழாயில் ஆவி நேர்க்கோடாகப் பீறி வரட்டும், அப்புறம் போடுங்கள். குழாய் திறந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. முதல் விசில் வந்ததும் சிம்முக்குக் குறைத்துவிட்டால் சத்தமும் குறையும், கேஸும் மிச்சமாகும்.

அவசரத்தில் கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடுவது பல வீட்டில் பழக்கம். ஆவியோடு கொதிக்கிற பருப்புத் தண்ணீரும் சேர்ந்து மேலே அடிக்கும். முகத்துக்கு நேரே நடக்கிற விஷயம் இது. ரொம்ப அவசரம் என்றால் குக்கரைத் தொட்டியில் வைத்து, மூடியின் ஓரத்தில் குழாய்த் தண்ணீரை மெல்ல விடுங்கள். வெயிட்டின் மேல் விட வேண்டாம். மூடி எளிதாகக் கழன்றால் மட்டும் திறவுங்கள். இழுத்துப் பிடித்துத் திறக்க வேண்டியிருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது. கேஸ்கெட்டை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஒன்றிரண்டு நாள் ஓடும், அதோடு சரி. தினமும் குக்கர் வைக்கிற வீட்டில் வருஷத்துக்கு ஒரு புதுக் கேஸ்கெட் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இனி உங்கள் கையைச் சுட்ட எண்ணெய். எண்ணெய் தெறிப்பதற்கு மூல காரணம் தண்ணீர். ஒரு சொட்டுத் தண்ணீர் சூடான எண்ணெயில் விழுந்தால் அடியில் போகும், நொடியில் ஆவியாகும். ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். அந்த விரிவுதான் மேலே இருக்கிற எண்ணெயைத் தூக்கி வீசுகிறது. ஆக, எண்ணெயில் விழுகிற எதுவும் ஈரமாக இருக்கக் கூடாது. கழுவிய கையோடு கிள்ளிப் போடுகிற கறிவேப்பிலைதான் இதில் முதல் குற்றவாளி. ராத்திரியே கழுவி ஒரு துணியில் உலர்த்திவிட்டால் காலையில் அது சத்தமே போடாது.

தாளிப்பை இப்படிச் செய்து பாருங்கள். கரண்டி காய்ந்திருக்க வேண்டும், கழுவிய ஈரத்தோடு அடுப்பில் வைக்கக் கூடாது. எண்ணெய் ஊற்றி, மிதமான தீயில் ஒரே ஒரு கடுகைப் போடுங்கள். அது பொரிந்தால் சூடு சரி. மீதியைப் போட்டு, தீயைக் குறைத்து, ஒரு சின்னத் தட்டால் முக்கால்வாசி மூடுங்கள். கடுகுக்குள் இருக்கும் கொஞ்ச ஈரம் ஆவியாகித்தான் அது வெடிக்கிறது. சடசடப்பு அடங்கினால் ஈரம் போய்விட்டது. அடுத்து உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல். பருப்பு சிவக்கும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். பெருங்காயமும் கறிவேப்பிலையும் அணைத்த பிறகுதான், அந்தச் சூடே அவற்றுக்குப் போதும். வாசனையும் இப்படித்தான் நன்றாக நிற்கும். குழம்பில் கொட்டும்போது குனிந்து பார்க்காமல், கரண்டியைக் குழம்புக்குப் பக்கத்தில் தாழ்த்திச் சாய்த்து ஊற்றுங்கள். உயரத்திலிருந்து கொட்டினால்தான் எகிறும்.

எண்ணெய் புகைய ஆரம்பித்துவிட்டால் அதில் எதையும் போடாதீர்கள். அணைத்து ஓரிரு நிமிஷம் விடுங்கள். ரீஃபைண்ட் எண்ணெய் ஏறக்குறைய 220 டிகிரிக்கு மேல்தான் புகையும், செக்கு எண்ணெய்கள் 160லிருந்து 180க்குள்ளேயே புகைந்துவிடும். வடை, பஜ்ஜி பொரிக்கிற சூடே 170, 180 டிகிரி. அதனால் செக்கு எண்ணெயைத் தாளிக்க, வதக்க வைத்துக்கொண்டு, நிறையப் பொரிக்கிற அன்றைக்கு ரீஃபைண்ட் எண்ணெய் எடுப்பது நிதானமான வழி.

முழுப் பச்சை மிளகாயைக் கீறாமல் எண்ணெயில் போட்டால் வெடிக்கும். உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் தோலைக் கிழித்துக்கொண்டு வரும். கோகுலாஷ்டமிக்குச் சீடை வெடிப்பதும் இதே கதைதான். அது வாணலியைத் தாண்டி முகம் வரைக்கும் வரும், கண்ணுக்கே ஆபத்து என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உருண்டையின் வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடுகிறது. உள்ளே இருக்கிற ஈரம் சிக்கிக்கொள்கிறது. எண்ணெயின் சூடு ஏற ஏற ஆவி பெருத்து உருண்டை வெடிக்கிறது. மாவைச் சரியாகச் சலிக்காமல் குருணை தங்கினாலும், உப்புக் கல், பெருங்காயக் கட்டி கரையாமல் கிடந்தாலும், கையில் அழுத்தி வழவழவென்று உருட்டினாலும், எண்ணெய் அதிகம் காய்ந்தாலும் வெடிக்கும். பச்சரிசி மாவை வறுத்து, சன்னச் சல்லடையில் இரண்டு முறை சலியுங்கள். உளுந்தையும் வறுத்துப் பொடித்துச் சலித்தே சேருங்கள். உப்பையும் பெருங்காயத்தையும் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். உருண்டையை லேசாக, மேலே கீறல் விட்டதுபோல் உருட்டுங்கள். அழகாக இல்லையே என்று அழுத்த வேண்டாம், அந்தக் கீறல்தான் ஆவிக்கு வழி. வேட்டித் துணியில் 15, 20 நிமிஷம் பரப்பி வையுங்கள். ஒவ்வொன்றையும் பல்குச்சியால் ஒரு குத்துக் குத்துவதும் நல்ல பழக்கம். முதல் ஈட்டில் இரண்டே இரண்டு உருண்டையைப் போட்டு, தட்டைக் கேடயமாகப் பிடித்து நின்று பாருங்கள். வெடிக்கவில்லையென்றால் மீதியைப் போடலாம்.

எண்ணெய் பொரிக்கிற நாளில் வாணலியில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம், வாணலியைவிடப் பெரிய தட்டு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய் தீப்பிடித்தால் அந்தத் தட்டுத்தான் உங்களைக் காப்பாற்றும். குமிழைத் திருப்பி அணைத்து, தட்டை ஓரத்திலிருந்து தள்ளி மூடி, அப்படியே விடுங்கள். அரை மணி நேரமாவது திறக்காதீர்கள். சூடு குறையாமல் காற்று பட்டால் மறுபடி பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினால் அந்த 1,700 மடங்கு விரிவு எரிகிற எண்ணெயைக் கூரை வரை வீசும். வாணலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதும் ஆபத்து, மாவை அள்ளிப் போடுவதும் ஆபத்து. மாவே பற்றி எரியும். குமிழுக்குக் கை போகவில்லையென்றால் சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடுங்கள். அடங்கவில்லையென்றால் எல்லோரும் வெளியே வந்து 101க்கோ 112க்கோ கூப்பிடுங்கள்.

கை சுட்டால் முதல் வேலை தண்ணீர். குழாயைத் திறந்துவிட்டு, சுட்ட இடத்தை 20 நிமிஷம் காட்ட வேண்டும். இரண்டு நிமிஷத்தில் எரிச்சல் குறைந்ததும் நிறுத்திவிடுகிறோம், ஆனால் தோலுக்கு அடியில் சூடு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். சித்திரை, வைகாசி மத்தியானத்தில் மாடித் தொட்டித் தண்ணீரே சுடும் என்பதை மறக்க வேண்டாம். அப்போது பானைத் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ குவளையால் மொண்டு விட்டுக்கொண்டே இருங்கள். வளையல், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்னால் கழற்றிவிடுங்கள். ஐஸ், பற்பசை, இங்க், மஞ்சள், இட்லி மாவு எதுவும் வேண்டாம். ஐஸ் தோலை இன்னும் கெடுக்கும், மற்றதெல்லாம் கிருமி சேர்க்கும், டாக்டர் கழுவி எடுக்கும்போது ரணப்படுத்தும். சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். பட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகம், கை, மூட்டு, மறைவிடத்தில் பட்ட காயம், வெள்ளையாகவோ கருகியோ தெரிகிற தோல், பட்டது குழந்தை என்றால் அளவு பார்க்காமல், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு 108.

உடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நைலான், பாலியஸ்டர் நைட்டி தீ பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். அடுப்படியில் பருத்தி போதும். முந்தானையை இடுப்பில் செருகுங்கள், துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் காற்றில் தீ வளரும். தரையில் படுத்து உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கனமான பருத்திப் போர்வையைச் சுற்றித் தீயை அமுக்கி, அப்புறம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கேஸுக்கு இயல்பாக வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். நம் வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ வருகிற இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாது. தரையோடு பரவி, மேடைக்கு அடியில், மூலையில் தங்கும். மேலே இருக்கிற ஜன்னலைத் திறந்தால் மட்டும் போதாது, கதவையும் திறக்க வேண்டும் என்பது இதனால்தான். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும் அளவு வந்துவிடுகிறது.

வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். சாமி விளக்கு, ஊதுவத்தி எரிந்தால் அணையுங்கள். கதவு, ஜன்னலைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் வாடை போகும் என்று கை போகிற இடம் அது, அந்த ஒரு பொறியே போதும். கொசு பேட்டும் அப்படித்தான். ஃப்ரிட்ஜ் தானாகவே ஓடி நிற்கிற சாமான் என்பதால், மீட்டர் பெட்டி வீட்டுக்கு வெளியே தள்ளி இருந்தால் அங்கேயே மெயினை இறக்கிவிடலாம். போனை வெளியே வந்து எடுத்து 1906க்குக் கூப்பிடுங்கள். கேஸ் கசிவுக்கென்றே இரவும் பகலும் இயங்கும் எண் அது. ரெகுலேட்டரை மூடியும் வால்விலிருந்தே கசிந்தால், ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரில் கயிற்றில் தொங்குகிற பாதுகாப்பு மூடியை அழுத்தி மாட்டுங்கள். அதனால் அந்த மூடியை அறுத்துப் போட்டுவிடாதீர்கள்.

கசிகிறதா என்று பார்க்க சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தடவினால் போதும், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி வைத்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில வீட்டில் இருக்கிறது, அதை இன்றோடு விட்டுவிட வேண்டும். சிலிண்டர் வந்ததும், கொண்டுவந்தவர் இருக்கும்போதே வால்வுக்குள் ரப்பர் வளையம் இருக்கிறதா, கசிவு இல்லையா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். அது அடுத்த சோதனைக்கான காலம். A என்றால் ஜனவரி முதல் மார்ச், B என்றால் ஏப்ரல் முதல் ஜூன், C என்றால் ஜூலை முதல் செப்டம்பர், D என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். பக்கத்தில் இருப்பது வருஷம். அந்தக் காலம் தாண்டிய சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்பலாம். சிலிண்டரையும் அடுப்பையும் இணைக்கிற ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூபை 5 வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், தேதி அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். நீளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது, சுவரைத் துளைத்தோ அலமாரிக்குள் மறைத்தோ போகக் கூடாது. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

கேஸ் விஷயத்தில் நாம் கவனிக்காமல் விடுவது பால். பால் காயும்போது மேலே ஆடை படர்ந்து, அடியில் வருகிற ஆவி வெளியேற வழியில்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு பொங்கும். பொங்கி வழிந்து பர்னரை அணைத்துவிட்டால் தீ இருக்காது, கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான வீட்டு அடுப்புகளில் தீ அணைந்தால் தானாக கேஸை நிறுத்துகிற வசதி கிடையாது. பால் அடுப்பில் இருக்கும்போது அங்கேயே நில்லுங்கள். போனை ஹாலில் வைத்துவிட்டு வாருங்கள். நிற்க முடியாது என்றால் அந்த நேரத்தில் பாலை வைக்காதீர்கள். வழிந்த பர்னரைக் கழுவிக் காயவைத்துத்தான் திரும்பப் பொருத்த வேண்டும். ஓட்டை அடைத்திருந்தால் தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரியும், பாத்திரம் கரி பிடிக்கும்.

மின்சாரச் சாமானில் எனக்கு அதிகம் கவலை தருவது மிக்ஸி. சூடாக வதக்கிய தக்காளி வெங்காயத்தை அப்படியே போட்டு அரைத்தால் ஆவி மூடியை எறிந்துவிடும். ஆறவிட்டு, ஜாரில் பாதி மட்டும் போட்டு அரையுங்கள். இண்டக்ஷன் அடுப்பு 2,000 வாட் என்றால் 9 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும், 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் பிளக் உருகும். 16 ஆம்பியர் பிளக்தான் வேண்டும். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வீட்டு மெயினில் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனிடம் போடச் சொல்லுங்கள். கத்தி மழுங்கினால் வழுக்கும், சாணை பிடித்து வையுங்கள். வெட்டும் பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது.

இப்போது காலை நேரம். அடுப்பில் நடக்கிற வேலைகள் இரண்டு வகை. கண் வைக்க வேண்டியவை: பால், தாளிப்பு, பொரியல், தோசை. தானாக நடப்பவை: குக்கர், இட்லிப் பானை, வேகிற காய். ஒரு நேரத்தில் கண் வைக்கிற வேலை ஒன்று மட்டும், கூடவே தானாக நடக்கிற வேலை ஒன்று. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டாலே பாதி விபத்து குறைந்துவிடும். குக்கருக்கு விசில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். முதல் விசில் வந்து சிம்மில் வைத்ததும் கடிகாரத்தைப் பாருங்கள்: துவரம்பருப்பு ஊறவைத்திருந்தால் சுமார் 8 நிமிஷம், ஊறாதது என்றால் 12 நிமிஷம் வரை, உங்கள் குக்கருக்கு ஏற்ப ஒன்றிரண்டு கூடக் குறைய. அலாரம் வைத்துவிட்டால் மனசில் ஒரு சுமை குறையும்.

காலையில் வேலையைவிட அதிகமாகக் களைப்பைத் தருவது "இன்றைக்கு என்ன செய்வது" என்ற யோசனை. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அஞ்சு நாளைக்கான சாப்பாட்டை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். ராத்திரி 20 நிமிஷத்தில் காயை நறுக்கி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், அரிசி பருப்பை அளந்து வையுங்கள், டிபன் பாக்ஸ்களைத் துடைத்துத் திறந்து மேடையில் அடுக்குங்கள். நறுக்குகிற வேலையை உட்கார்ந்து செய்யுங்கள். காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீரும் கொஞ்சம் ஆகாரமும் உள்ளே போகட்டும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் பத்து மணிக்கு வெறும் வயிற்றோடு நிற்கிறவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

எரிந்து விழுவது உங்கள் குணக்கேடு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மத்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குத் தினமும் சராசரியாக 299 நிமிஷம் செலவழிக்கிறார்கள் என்று வந்தது. அந்த வேலையில் ஈடுபடும் ஆண்களுக்கு 97 நிமிஷம். ஏறக்குறைய அஞ்சு மணி நேரம் ஒருவர் தலையில் விழுந்தால் குரல் உயரத்தான் செய்யும். "கொஞ்சம் கூடமாட ஒத்தாசை பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் நடக்காது. "நாளையிலிருந்து ஆறே முக்காலுக்கு டிபன் பாக்ஸ் கட்டுவது உங்கள் வேலை, தண்ணீர் பாட்டில் நிரப்புவது பிள்ளை வேலை" என்று முழு வேலையாக, நேரத்தோடு கொடுங்கள். கொடுத்த பிறகு சட்னி டப்பா சரியாக மூடவில்லையென்று திரும்ப எடுத்துச் செய்யாதீர்கள், இரண்டு நாள் சட்னி கொட்டினால் மூன்றாம் நாள் அவர்களே மூடிவிடுவார்கள். வீட்டில் இருக்கிற பெரியவர், பெரிய பிள்ளை எல்லோரும் ரெகுலேட்டரை ஒரு முறை உங்கள் முன்னால் மூடித் திறந்து காட்ட வேண்டும். அந்த வேலை ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பது நல்லதில்லை.

கோபம் மேலே ஏறுகிறது என்று தெரிந்தால் வாயைத் திறக்கும் முன் அடுப்பைக் குறையுங்கள். எண்ணெய் இருந்தால் அணைத்தே விடுங்கள். வாசற்படி வரை நடந்து, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். கை நடுங்கும்போது சூடான பாத்திரம் தூக்குவதுதான் அதிகம் சுட்டுக்கொள்ளும் வழி. பேச வேண்டிய விஷயம் இருந்தால் சாப்பாடு முடிந்த பிறகு, உட்கார்ந்து பேசலாம். சமையல் அஞ்சு நிமிஷம் தாமதமானால் ஒன்றும் ஆகிவிடாது.

சுட்ட பிறகு வந்திருக்கிற பயத்துக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. வீட்டில் யாரும் அவசரப்படுத்தாத ஒரு மத்தியானம் எடுத்துக்கொள்ளுங்கள். குக்கரில் வெறும் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, குழாயைப் பார்த்து, மூடி, ஆவி வந்ததும் வெயிட் போட்டு, பக்கத்திலேயே நின்று ஒரு விசிலைக் கேளுங்கள். அணைத்து, ஆறவிட்டு, திறந்து பாருங்கள். கெட்டுப்போக உள்ளே எதுவும் இல்லை, அதனால் சத்தத்தை மட்டும் கவனிக்க முடியும். அடுத்த நாள் ஒரே டீஸ்பூன் எண்ணெயில், மூடி போட்டு, கடுகு மட்டும் தாளியுங்கள். இரண்டையும் ஒரு வாரத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் உடம்பு பழகிக்கொள்ளும். பயத்தினால் அடுப்படியையே தவிர்த்தால் பயம் கூடும்.

இதெல்லாம் செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை, எதிலும் நாட்டமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அது அடுப்படியோடு நிற்கிற விஷயமில்லை. டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கும் பேசலாம். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.